தார்ப்பாய் விலகிய மாலை

அவரை ஆடுகோடியில் இருந்த பட்டறையில் ஒருமுறைதான் பார்த்தேன். காமா கதிர் தொலைநோக்கிக்குக் கண்ணாடிகளின் கோணத்தைச் சரிசெய்யும் குழுவில் என் மகள் இருந்தாள். அவர் அங்கே ஃபிட்டர். ஒல்லியானவர். கண்ணாடிகள் பொருத்திய சட்டத்தின் முன்னால் போகுமுன் புறங்கையை நீட்டிச் சூடு பார்ப்பார் என்று மகள் சொல்லியிருந்தாள்.

மகளை அழைத்துவரப் போயிருந்தேன். கண்ணாடிகளை மூடியிருந்த தார்ப்பாய் காற்றில் விலகி, அவற்றின்மேல் மாலை வெயில் விழுந்தது. அவர் பாய்ந்து மகளை இழுத்தார். அவள் நின்ற இடத்துக்குப் பின்னாலிருந்த மரப்பெட்டி புகைந்தது.

மகளை என் பக்கம் இழுத்துக்கொண்டு அவரிடம், "இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே?" என்றேன்.

"இத்தனை நாள் ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வொரு பக்கம் பாத்துட்டு இருந்துச்சும்மா. இன்னிக்குத்தான் உங்க பொண்ணு எல்லாத்தையும் ஒரே இடத்துக்குத் திருப்பிச்சு. வேலை கரெக்டா முடிஞ்சிருக்கு. இனிமேதான் பயம்."

இப்போதும் மகள் போனில், "வேலை நல்லபடியா முடிஞ்சுதும்மா" என்றால், என் புறங்கை தானாக முன்னால் நீள்கிறது.