முதுகில் இருந்த கை

காவேரிப் பாலத்தின் மேல் ஆடி மாதத்தில் சைக்கிள் ஓட்டியவன் எவனும் அதைச் சுகமான காற்று என்று சொல்ல மாட்டான். முக்கொம்புப் பக்கத்திலிருந்து ஆற்றோடு கிளம்பி வருகிற அந்தக் காற்று, ஆளைச் சைக்கிளோடு கைப்பிடிச் சுவரில் சாத்தப் பார்க்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நானும் என் நண்பனும் ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் கண்டோன்மென்டுக்குப் போவோம். அடுத்தடுத்த தெருக்காரர்கள், ஒரே ஆபீசில் குமாஸ்தாக்கள். அவன் நல்ல கட்டுமஸ்தான ஆள். நான் நோஞ்சான். பாலம் வந்ததும் காற்று வருகிற பக்கமாக அவன் வந்துகொள்வான். வலது கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி இடது கையை என் முதுகில் வைத்துத் தள்ளிக்கொண்டே வருவான். ஊர் வம்பெல்லாம் பேசிக்கொண்டே தள்ளுவான். அக்கரை வந்ததும் கையை எடுத்துவிடுவான். நான் அதற்காக அவனுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆபீஸில் இதைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? “சாருக்கென்ன, மோட்டார் வெச்ச சைக்கிள்” என்பார் தலைமைக் குமாஸ்தா. என் நண்பன் லீவு போட்டால், “மோட்டார் இன்னிக்கு ரிப்பேராம். சார் எப்படி வீடு போய்ச் சேருவார்?” என்பார். அவன் மறுநாள் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒரு தடவை, நாலு பேர் பார்க்க, என் காலாலேயே மிதித்து எல்லோருக்கும் முன்னால் போய் நிற்கவேண்டும் என்று வைராக்கியம் பிடித்துக்கொண்டது.

அந்தச் சமயம் பார்த்து ஒரு சைக்கிள் கடைக்காரர் பந்தயம் வைத்தார். உறையூரில் புறப்பட்டு முக்கொம்பில் முடிவு. ஜெயித்தவனுக்கு வெள்ளிக் கோப்பை. ஆடி மாதமாதலால் வழி முழுக்க எதிர்காற்று. அப்படிப்பட்ட பந்தயத்தில் பலசாலிதான் ஜெயிப்பான் என்று நினைத்தால் தப்பு. முன்னால் போகிறவன் காற்றையெல்லாம் நெஞ்சில் வாங்குவான். அவன் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு போகிறவனுக்குப் பாதி உழைப்புத்தான். கடைசிவரை அப்படி ஒளிந்து வந்துவிட்டு, எல்லைக்கோடு தெரிந்ததும் வெளியே பாயவேண்டும். சீக்கிரம் பாய்ந்தால் காற்று தின்றுவிடும், தாமதித்தால் தூரம் போதாது. என்னைப் போன்ற நோஞ்சானுக்கென்றே ஏற்பட்ட வித்தை. விடியற்காலைகளில் நாங்கள் அதைப் பழகினோம். எல்லைக்குச் சற்று முன்னால் ஒரு புளியமரம் உண்டு. அதுவரை அவன் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்வது, மரம் வந்ததும் வலப்பக்கம் ஒதுங்குவது, நான் இடப்பக்கமாகப் பாய்வது என்று ஏற்பாடு.

“கோப்பை உனக்குத்தாண்டா. எனக்கெதுக்கு அது?” என்றான்.

“தள்ள மாட்டியே?”

“சீ, பந்தயத்துல யாராவது தள்ளுவாளா?”

பந்தயத்தன்று நடுவராக வந்த ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் எங்களை வரிசையாக நிறுத்தி அதட்டினார். “ஒருத்தரை ஒருத்தர் தொடக்கூடாது. சட்டையைப் பிடிச்சு இழுக்கக்கூடாது. கடைசியில குறுக்கே வந்து மறிக்கக்கூடாது. மீறினா பரிசு கிடையாது.” எல்லோரும் பரம சாதுக்களாகத் தலையாட்டினார்கள். உறையூர் தாண்டியதுமே ஒருவர் பஸ்ஸின் பின்னேணியைப் பிடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனார். இன்னொருவர் முழங்கையால் இடித்து ஒருவனை வயலில் இறக்கினார். பஸ்ஸை நம்பியவர் அது நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

கடைசியில் மிஞ்சியது மூன்று பேர். முன்னால் என் நண்பன், அவன் நிழலில் நான், என் நிழலில் உறையூர்க்காரன் ஒருவன். புளியமரம் வந்தது. நண்பன் சொன்னபடி ஒதுங்கினான். நான் எழுந்து நின்று மிதித்துப் பாய்ந்தேன். அவனைக் கடக்கும்போது, தினமும் பாலத்தில் வருகிற அந்தக் கை முதுகில் வந்து உட்கார்ந்தது. உடனே விலகியும்விட்டது.

எல்லைக்கோட்டை முதலில் தொட்டது நான்தான். கூட்டம் கத்தியது. என் வாழ்நாளில் அப்படி ஒரு சத்தம் எனக்காக எழுந்ததில்லை. அது அடங்குவதற்குள் இன்ஸ்பெக்டர் விசில் ஊதிவிட்டார். கோட்டருகே நின்றவருக்குப் புளியமரம் வரை நன்றாகத் தெரிந்திருக்கிறது. கோப்பையை உறையூர்க்காரனிடம் கொடுத்தார்கள்.

நண்பன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது. “சத்தியமா வேணும்னு பண்ணலைடா. காத்து அடிச்சுது, நீ பக்கத்துல வந்தே, கை தானாப் போயிடுத்து” என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கையில் தள்ளும் வேகம் இருந்ததா, சும்மா தொட்டதா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் மறுநாள் தலைமைக் குமாஸ்தா என்ன சொல்லப்போகிறார் என்று மட்டும் அப்போதே காதில் கேட்டுவிட்டது.

“இனிமே என் மேல கை வைக்காதே. என்னிக்கும் வைக்காதே” என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அவன் “சரி” என்றான்.

அதன் பிறகும் சேர்ந்துதான் ஆபீஸுக்குப் போனோம். பாலத்தில் அவன் எனக்குக் காற்று மறைப்பாகப் பக்கத்தில் வருவான். நான் வீம்புக்கு விலகி, காற்றை முழுக்க வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க மிதிப்பேன். எத்தனை ஆடிகள் அப்படிப் போயின! என்ன சாதித்தேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

யுத்தம் வந்தபோது அவனை வடக்கே மாற்றினார்கள். போனவன் அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனான். அவன் கிளம்புவதற்கு முந்தின நாள், கடைசியாகச் சேர்ந்து பாலத்தைக் கடந்தோம். அன்றும் பேய்க்காற்று. நான் விலகவில்லை. வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தேன். கொஞ்சம் தள்ளாடியும் காட்டினேன். அவன் பழையபடி காற்று வருகிற பக்கமாக, கைக்கெட்டும் தூரத்தில் வந்தான். இரண்டு கைகளும் ஹேண்டில்பாரிலேயே இருந்தன. ‘வையேண்டா’ என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்கரை வரை அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு போனேன்.

இறங்கியதும் அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். “இப்பல்லாம் நன்னா ஓட்டறேடா. உனக்கு யாரும் வேண்டாம்” என்றான்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.