பதினோராவது வெட்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அந்த லேத் இன்னும் என் பட்டறையில்தான் இருக்கிறது. அன்று நடந்தது இதுதான்.

அண்ணனும் நானும் ஒரே லேத்தில் வேலை பழகியவர்கள். திருகுக்கு மரை வெட்டும்போது, ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் டூலை வெளியே இழுத்து, ஆரம்பித்த இடத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி உள்ளே தள்ள வேண்டும். அளவுக்கு மேல் போகாமல் தடுக்கும் சின்னத் திருகுதான் ஸ்டாப். அண்ணன் அதை ஒரு மயிரிழை தளர்த்திவிட்டுத்தான் அடுத்த வெட்டுக்குப் போவார். நான் கண்ணளவிலேயே வெட்டுவேன்.

“கட்டை வண்டிக்கு எதுக்குண்ணே பிரேக்கு?” என்று கிண்டல் செய்வேன்.

“நிறுத்தத் தெரியாத கைடா உன்னுது” என்பார்.

பக்கவாதத்தில் அவருடைய வலது கை விழுந்தது. மறுவாரமே ஸ்டாப்பைக் கழற்றி டப்பாவில் போட்டேன். போட்டிருக்கக் கூடாது.

எட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவருடைய கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கும் திருகு, மரை தேய்ந்து வழுக்கிவிட்டது. தட்டையாகப் படுத்தால் அவருக்கு மூச்சு முட்டும். அண்ணி தலையணைகளை அடுக்கி, அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார். சீக்கிரம் வரச் சொன்னார்.

பட்டறையில் அந்த அளவுக்கு ஒரே ஒரு இரும்பு ராடுதான் இருந்தது. கடைகள் மூடியிருந்தன. கெடுத்தால் வேறு இல்லை.

மாலை 5.10. முதல் வெட்டுக்கு டூலைத் தள்ளினேன்.

டிக்.

டூலைத் தள்ளும் கைப்பிடி நின்றது.

ஸ்டாப் முட்டும் சத்தம். குனிந்து பார்த்தேன். ஸ்டாப் இருந்த இடத்தில் வெறும் எண்ணெய்ப் பிசுக்கு.

இரண்டாவது வெட்டு… டிக். ஒரு மயிரிழை கூடியிருந்தது.

மூன்றாவது… டிக். அதே மயிரிழை.

அது என் அளவு இல்லை.

ஏழாவது வெட்டில் அளவுக்கோட்டைத் தவறாகப் படித்துவிட்டேன். அழுத்தித் தள்ளினேன். கைப்பிடி அசையவில்லை. அசைந்திருந்தால் ராடு போயிருக்கும்.

ஓடிவிடலாம்தான். ஆனால் அங்கே அண்ணனின் மூச்சு…

பத்து.

பதினொன்று.

5.52. நான் தொடவில்லை. கைப்பிடி தானாகச் சுழன்று பின்னால் வந்தது.

அதன்பின் முன்னே போகவே இல்லை.

மரை சரிதானா என்று நட்டைப் போட்டுப் பார்த்தேன். விரலாலேயே ஓடியது.

“போதுமாண்ணே?” என்று கேட்டேன். யாரிடம் கேட்டேன்?

வீட்டுக்குள் நுழையும்போது 6.20. தலையணைகள் எல்லாம் தரையில் கிடந்தன. அண்ணி அவரைத் தட்டையாகப் படுக்க வைத்திருந்தார்.

திருகு என் கையில் இன்னும் சூடாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து அண்ணி அதைச் சொன்னார்.

“கடைசில அந்தக் கை அசஞ்சுது தம்பி. விழுந்த கை. முன்னால போயி கட்டில் கம்பியில டிக்குனு முட்டும், பின்னால வரும். அசைவு தெரிஞ்சா எண்ணி வைக்கச் சொல்லியிருந்தாரே டாக்டர்… எண்ணினேன். பதினோரு தடவை.”

கட்டில் கம்பியைத் தடவினார்.

“பதினோராவது தடவை பின்னால வந்துச்சு. அப்புறம் முன்னால போகல.”

மணி என்ன என்று நான் கேட்கவில்லை.