சித்தியின் லென்ஸில் இடது ஓரம்

சித்தி தன் வாழ்நாளில் அதிகமாகச் சொன்ன வார்த்தை "சிரிக்காதீங்க" என்பதாகத்தான் இருக்கும். அவள் எடுப்பதெல்லாம் பாஸ்போர்ட் சைஸ் படங்கள். உரிமம், விண்ணப்பம், அடையாள அட்டை என்று எதற்காக வந்தாலும் ஆட்கள் வெள்ளைத் துணிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, காது இரண்டும் தெரிய, வாயை மூடிக்கொண்டு நேராகப் பார்க்க வேண்டும். சிரித்தால் படம் திரும்பி வந்துவிடும். ஊரில் பாதிப் பேரை அவள் சிரிக்காத முகத்தோடுதான் பார்த்திருக்கிறாள் என்று சித்தப்பா சொல்வார். மீதிப் பாதி இன்னும் விண்ணப்பிக்கவில்லையாம்.

சித்தி என் அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டு மாடியில்தான் அவளும் சித்தப்பாவும் இருக்கிறார்கள். அவளுடைய கடை ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்பக்க அறை. நடுவில் பலகைத் தடுப்பு. பின்சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி இருப்பதால் அறையில் எப்போதும் ஈரம். ஈரம் பட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் மாலையில் லென்ஸை மட்டும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு பிஸ்கட் டப்பாவில் வைப்பாள். நாங்கள் புதுச் செருப்பு, புதுப் பை எது வாங்கினாலும் உள்ளே கிடக்கும் ஈரம் உறிஞ்சும் குட்டிப் பொட்டலம் சித்திக்குத்தான். காலையில் கடைக்குப் போய் மறுபடி மாட்டுவாள். அதைக் கண்ணால் பார்த்துச் செய்யமாட்டாள், காதால் கேட்டுச் செய்வாள். வந்தவர்களிடம் பேசிக்கொண்டே லென்ஸைப் பொருத்தித் திருப்புவாள். 'க்ளிக்' என்று கேட்டால் பூட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

அன்றைக்குத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தேர்வுத் தாள்கள் கட்டுக்கட்டாக ஓடிக்கொண்டிருந்தன. மெஷின் போட்ட சத்தத்தில் க்ளிக் கேட்கவில்லை. கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஸ்டூலில் ஒரு லாரி டிரைவர். அவரை அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு, முகத்தைக் கொஞ்சம் நெருக்கமாகக் கொண்டுவர லென்ஸின் வளையத்தைத் திருப்பினாள். வளையத்துக்குப் பதிலாக லென்ஸே திரும்பிக் கழன்று தரையில் விழுந்தது. உருண்டுபோய் டிரைவரின் ஷூவில் இடித்து நின்றது.

அவர் குனியவில்லை. கண்ணைக்கூட இமைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, உதடு அசையாமல் கேட்டிருக்கிறார்: "மேடம், இப்ப அசையலாமா?"

சித்தி இதைச் சொல்லும்போது சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. அவளிடம் இருந்த நல்ல லென்ஸ் அது ஒன்றுதான். எடுத்துப் பார்த்தாள். முன்விளிம்பில் ஒரு நசுங்கல். கண்ணாடி உடையவில்லை. வளையம் ஒரே ஒரு இடத்தில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. மாட்டி, டிரைவரைப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தாள். இமை முடிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. ஒன்றும் ஆகவில்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

சித்தப்பாவுக்கு மட்டும் கை துறுதுறுவென்றிருந்தது. அவர் வேன் ஓட்டுகிறவர். வீட்டில் எது மக்கர் செய்தாலும் திறந்து பார்த்துவிடுவார். அவர் கைபட்ட பிறகு எங்கள் மிக்ஸிக்கு ஒரே வேகம்தான். நாலு ஸ்க்ரூதானே, நசுங்கலை நிமிர்த்தித் தருகிறேன் என்றார்.

"தொட்டீங்கன்னா உங்களையே பாஸ்போர்ட் சைஸ்ல வெட்டிடுவேன்" என்றாள் சித்தி.

அதற்கு அடுத்த வாரம்தான் நர்ஸிங் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. கடைசி வருட மாணவிகளின் குரூப் போட்டோ. பள்ளி வராந்தாவில் மாட்டப் பெரிய படம் ஒன்று, ஆளுக்கொரு சின்னப் படம். சித்திக்கு வந்த முதல் குரூப் வேலை. அவளுக்கு எத்தனை நாள் ஆசை என்று அம்மாவுக்குத்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே, பத்துப் பேரை ஒன்றாக நிறுத்தி அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நன்றாக வருகிற மாதிரி எடுப்பதுதான் வேலை, மற்றதெல்லாம் பிழைப்பு என்று சொல்வாளாம்.

காலையில் போய் மூன்று வரிசையாக நிறுத்தி எடுத்துவிட்டு வந்தாள். உயரமான பெண்களை ஓரங்களில் நிறுத்தியிருந்தாள். 'சிரிங்க' என்று சொல்ல வேண்டிய இடத்தில் பழக்கதோஷத்தில் 'சிரிக்காதீங்க' என்று சொல்லிவிட்டாளாம், அதைக் கேட்டு அத்தனை பேரும் சிரித்துவிட்டார்களாம். சாப்பிடும்போது அம்மாவிடம் இதை இரண்டு தடவை சொன்னாள்.

சாயங்காலம் அவள் மாடியிலிருந்து இறங்கி வரவேயில்லை. நாங்கள் மேலே போனபோது கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் அந்தப் படம். நடுவில் தலைமை நர்ஸ், மூக்குக் கண்ணாடியில் ஜன்னல் பிரதிபலிக்கிற அளவுக்குத் தெளிவு. வலது ஓரமும் சரியாக இருந்தது. இடது ஓரத்தில் நின்ற பெண்களின் முகம் மட்டும் ஈரத்துணியால் துடைத்ததுபோல் கலங்கியிருந்தது. கண் எங்கே, புருவம் எங்கே என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் சித்திக்குப் புரிந்தது. இத்தனை வருடமும் அவள் பார்த்தது நடுவில் இருக்கிற ஒரே முகத்தை. லென்ஸ் விழுந்த அன்று சோதித்ததும் அதைத்தான். ஓரத்தில் வெள்ளைத் துணி. துணி கலங்கினால் யாருக்குத் தெரியும்?

சின்னதாகப் பிரிண்ட் போட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றார் சித்தப்பா. ஓரத்தில் நிற்கிறவள் கவனிப்பாள் என்றாள் சித்தி.

மறுநாள் லென்ஸை எடுத்துக்கொண்டு ரிப்பேர்காரரைத் தேடிப் போனாள். நகரத்தின் இன்னொரு கோடியில், ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே அவருடைய அறை. அவர் லென்ஸை உடனே திறக்கவில்லை. தன் கேமராவில் மாட்டி, சுவரில் ஒட்டியிருந்த செய்தித்தாளைப் படமெடுத்துக் காட்டினார். இடது ஓரத்துப் பத்திகள் எழுத்தே தெரியாமல் குழைந்திருந்தன.

"உள்ள ஒரு கண்ணாடி சாஞ்சிருக்கு. நிமிர்த்திப் பாக்கலாம். ஆனா கை வச்சா, இப்ப நல்லா இருக்கிற நடுவும் கெட்டாலும் கெடும். திறந்தாதான் தெரியும். முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

சித்தி லென்ஸை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள்.

புது லென்ஸ் பற்றி யாரும் பேசவில்லை. அதன் விலை பேசி முடிவெடுக்கிற அளவில் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். இருக்கிறபடியே விட்டால் பாஸ்போர்ட் படங்களுக்கு ஒரு குறையும் வராது, கடை எப்போதும்போல் நடக்கும். ஆனால் குரூப் போட்டோவை அதோடு மறந்துவிட வேண்டியதுதான். ரிப்பேருக்குக் கொடுத்து அது சரியாக வராவிட்டால் கடையும் போச்சு. வேடிக்கை என்னவென்றால், எதைப் பார்த்தாலும் திறக்கத் துடிக்கும் சித்தப்பாதான் இந்தத் தடவை வேண்டவே வேண்டாம் என்றார்.

"ஓடுற வண்டியில எதுக்கும்மா கை வைக்கிற?"

 மாணவிகள் வேலை கிடைத்து வேறு வேறு ஊர்களுக்குக் கிளம்புவதற்குள் படத்தை மறுபடி எடுத்தாக வேண்டும். அதற்குச் சித்தி ஒரு வழி கண்டுபிடித்தாள். நடுப்பகுதி நன்றாகத்தானே இருக்கிறது, எல்லோரையும் நடுவிலேயே அடக்கிவிட்டால் போதும். பள்ளிக்குப் போய், அவர்களை முன்போலவே நிறுத்திவிட்டு, பின்னால் நடந்தாள். மைதானத்தைத் தாண்டி, காம்பவுண்டுச் சுவரில் முதுகு இடிக்கும் வரை நடந்தாள். அங்கிருந்து பார்த்தால் மூன்று வரிசையும் படத்தின் நடுவில் ஒரு சின்னக் கட்டம். சிரிக்கச் சொல்லிக் கத்த வேண்டியிருந்தது.

எடுத்து முடித்த பிறகு, இடது ஓரத்தில் நின்ற உயரமான பெண் அவளிடம் வந்து எதற்காக மறுபடி எடுத்தீர்கள் என்று கேட்டாள். சித்தி மறைக்கவில்லை. லென்ஸ் விழுந்ததையும், அவள் முகம் கலங்கிப்போனதையும் சொன்னாள்.

"இதுக்காகவாக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று அந்தப் பெண் சிரித்தாளாம். "ஸ்கூல்லேர்ந்து எல்லா போட்டோலயும் நான் ஓரம்தான். பாதி போட்டோல பாதி மூஞ்சிதான் இருக்கும். எங்கம்மா உயரத்த வச்சே என்னைக் கண்டுபிடிச்சிடுவாங்க."

சித்தியும் கூடவே சிரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டில் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். குறையாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, பழகிப்போன மாதிரி சொல்கிறாளே என்றாள்.

புதுப் படத்தில் எல்லா முகமும் ஒரே மாதிரி வந்திருந்தது. சின்னப் பிரிண்டில் நன்றாக இருந்தது. வராந்தாவில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாக்கினால் எல்லா முகமும் ஒரே மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. தலைமை நர்ஸ் ஒரு குறையும் சொல்லவில்லை. சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள். சித்தி மட்டும் வராந்தாவில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். இந்த லென்ஸை வைத்துக்கொண்டு தான் இனி எடுக்கக்கூடிய நல்ல படம் இவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் கடையைத் திறக்காமல் நேரே ரிப்பேர்காரரிடம் போனாள். அவர் பழையபடி எச்சரிக்கையிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். நடு நல்லாத்தானே இருக்கு, எதற்கு வீண் ஆபத்து, யோசித்துக்கொள்ளுங்கள் என்று.

"யோசிச்சிட்டேங்க. எனக்கு ஓரமும் வேணும். திறங்க" என்றாள் சித்தி.

எப்போது கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. சாய்ந்த கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தில் விரிசல் இருந்தால் அதற்கு வேறு அலைய வேண்டும் என்று மட்டும் சொன்னார். கேமரா வாங்கியபோதே கூட வந்த சின்ன லென்ஸை வைத்துச் சித்தி இப்போதைக்குச் சமாளிக்கிறாள். அதற்கு வெளிச்சம் நிறைய வேண்டும் என்று எங்கள் வீட்டு மேஜை விளக்கும் கடைக்குப் போய்விட்டது. மூன்று நான்கு பேரின் படம் மங்கலாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. அவர்களுக்கு மறுபடி எடுத்துக் கொடுத்தாள்.  சித்தப்பா வேனை வழியில் நிறுத்தி ரிப்பேர்காரரை இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்தார் என்று பிறகு தெரிந்தது.

நேற்று நர்ஸிங் பள்ளியிலிருந்து போன் வந்தது. அடுத்த குழுவில் ஆட்கள் அதிகம், நான்கு வரிசை வரும், எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். லென்ஸ் இன்னும் வரவில்லை. வந்தாலும் எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது.

சித்தி எந்தத் தேதி என்று கேட்டாள். "வந்து எடுத்துத் தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.