பாம்பு விட்டுப்போன ஒன்பது முட்டைகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். கூண்டுக்குள் மலைப்பாம்பு சுருண்டு கிடந்தது. சுருளுக்கு நடுவில் என் அடைக்கோழியின் ஒரு இறக்கை மட்டும் தெரிந்தது.

நான் கத்திய கத்தலில் கணவர் சட்டைகூடப் போடாமல் ஓடி வந்தார். மாசாயில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் பெரிய கால்வாயும் புதரும் உண்டு. பாம்பு வருவது புதிதல்ல. போம்பாவுக்குப் போன் செய்தோம். தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் வந்து பாம்பைப் பிரித்தெடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார்கள்.

கோழி செத்துவிட்டது. அதன் அடியில் இருந்த பதினொரு முட்டைகளில் இரண்டு நசுங்கியிருந்தன. மற்ற ஒன்பதையும் தொட்டுப் பார்த்தேன். சூடு இன்னும் ஆறவில்லை. அடை வைத்து அன்றோடு பதினான்கு நாள்.

"கம்பிச் சந்துல நுழைஞ்சிருக்குமோ?" என்றார் கணவர்.

"அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

பொய். முந்தின சாயங்காலம் தீனி போட்டுவிட்டு வரும்போது கூண்டின் கொக்கியை நான் மாட்டவில்லை. காலையில் கதவு அகலத் திறந்து கிடந்ததைப் பார்த்ததும் நான்தான்; கத்திக்கொண்டே அதைத் தள்ளிச் சாத்தியதும் நான்தான்.

முட்டைகளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காஹாங்கில் இருக்கும் அண்ணியைக் கூப்பிட்டேன். அவர் என் கணவரின் அக்கா. வீட்டுக்குப் பின்னால் எப்போதும் முப்பது நாற்பது கோழி வளர்ப்பவர்.

"அலமாக்! ஆற விட்டுறாதம்மா. மீன் பெட்டி இருக்கா? ஐஸ் போட்டு மீன் வருமே, வெள்ளையா, லேசா, அந்த நுரைப் பெட்டி. உள்ள பல்பு போடு. ஒரு கிண்ணத்துல தண்ணி வை. சூடு முப்பத்தெட்டு கிட்ட நிக்கணும்" என்றார்.

பெட்டி கிடைத்தது. பல்புதான் கிடைக்கவில்லை. இப்போது விற்கும் பல்புகள் எல்லாம் வெளிச்சம் தருகின்றன, சூடு தருவதில்லை. கணவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கி, நான்காவது கடையின் பின்னறையிலிருந்து பழைய மஞ்சள் பல்பு இரண்டு வாங்கி வந்தார். அதுவரை முட்டைகளை வயிற்றோடு அணைத்துப் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தேன். வெயிலில் வேர்த்துக் கொட்டியது. அசையவில்லை.

நான் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். கணவர் விடியுமுன்பே எல்லை தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஆகவே பெட்டியைத் தையல் மேசைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். ஒரு நாளைக்கு மூன்று முறை திருப்ப வேண்டும். சூடு ஏறினால் மூடியில் போட்ட ஓட்டையைத் திறப்பேன், இறங்கினால் துணி வைத்து அடைப்பேன். ஒரு கைக்குழி வெட்டுவதற்குள் நான்கு முறை வெப்பமானியைப் பார்த்தேன். புதன்கிழமை போனின் விளக்கை முட்டைக்கு அடியில் பிடித்தபோது இரண்டில் அசைவே இல்லை. அவற்றை எடுத்துவிட்டேன். ஏழு மிஞ்சின.

வியாழக்கிழமை மத்தியானம் இடியோடு மழை பிடித்தது. கரண்ட் போனது. முப்பத்தெட்டு, முப்பத்தேழு, முப்பத்தாறு என்று எண் கண்ணெதிரே இறங்கியது. அடுப்பில் தண்ணீரைச் சுட வைத்து, போத்தல்களில் ஊற்றித் துணி சுற்றி, முட்டைகளைத் தொடாமல் ஓரத்தில் அடுக்கினேன். பெட்டிமேல் கம்பளியைப் போட்டேன். ஆறிய போத்தலை எடுப்பதும் வேறு வைப்பதுமாக இரண்டரை மணி நேரம் ஓடியது. ஒரு சமயம் முப்பத்து மூன்று காட்டியது. வாய்விட்டு அழுதேன். பல்பு மறுபடி எரிந்தபோது எந்த முட்டை உயிரோடு இருக்கிறது என்று பார்க்கவும் துணிவு இல்லை.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் நான்கு முட்டைகள் கீறல் விட்டன. ஞாயிறு காலைக்குள் மூன்று குஞ்சுகள் வெளியே வந்து ஈரமாய்க் கிடந்தன. நான்காவது முட்டையில் மட்டும் பட்டாணி அளவு ஓட்டை. அதில் அலகின் நுனி. முந்தின நாள் கொத்திய ஓட்டை, ஒரு மயிரிழைகூடப் பெரிதாகவில்லை. ஓட்டைக்குள் தெரிந்த சவ்வு காய்ந்து பழைய காகிதம் மாதிரி பழுப்பேறியிருந்தது. மற்றக் குஞ்சுகளைப் பார்க்க நான் அடிக்கடி மூடியைத் திறந்ததால் வந்த வினை.

அண்ணியிடம் போனில் காட்டினேன்.

"கை வைக்காத. ரத்தம் வந்தா போச்சு. வர்றது தானா வரும்லா."

"உள்ள குஞ்சோட சத்தம் குறையுது அண்ணி."

"குறையட்டும். நீ தொடாத."

மதியம் இரண்டு மணிக்குச் சத்தம் நின்றது. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே ஏதோ சுரண்டியது, அவ்வளவுதான்.

"நான் உடைக்கப் போறேன்" என்றேன். கணவர் விளக்கைப் பிடித்தார்.

ஓவர்லாக் மெஷினோடு வரும் நீளமான இடுக்கியை வெந்நீரில் கழுவினேன். பஞ்சை வெதுவெதுப்பான நீரில் நனைத்துச் சவ்வில் ஒற்றி, துளையைச் சுற்றி முட்டையோட்டை அரிசி அரிசியாகப் பெயர்த்தேன். நான்காவது துண்டில் ரத்தம் ஊசிமுனை அளவுக்கு எட்டிப் பார்த்தது. முட்டையைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

"ஒரு மணி நேரம் விடுவோம்" என்றார் கணவர்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் வாய் வந்தது. "அன்னிக்குக் கொக்கிய நான்தான் மாட்டல."

"தெரியும்."

"எப்படி?"

"கம்பிய சுத்திப் பார்த்தேன். ஒரு சந்துகூட இல்ல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா கோழி வந்துருமா? நீயும் சாப்பிடாம கெடந்த" என்றார்.

மூன்றரைக்கு மறுபடி எடுத்தேன். ரத்தம் உறைந்திருந்தது. இந்த முறை சவ்வு நனைந்து பிரிந்தது, ரத்தம் வரவில்லை. ஓட்டின் மேல்பாதியைத் தொப்பி மாதிரி கழற்றி, குஞ்சைக் கீழ்ப்பாதியோடு விட்டுவிட்டேன். இருபது நிமிடம் அது அப்படியே கிடந்தது. பிறகு கழுத்தை ஒரு முறை நீட்டி, காலை உதைத்து, தானே நழுவி வெளியே விழுந்தது.

மீதி மூன்று முட்டைகளைச் செவ்வாய் வரை வைத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை, புதைத்தோம். நான்காவது குஞ்சின் விரல்கள் மடங்கியிருந்தன. பிளாஸ்டரை வெட்டி விரித்து ஒட்டினேன். மூன்றாம் நாள் நடந்தது. ஆனால் முதலில் பிறந்து எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு ஓடிய குஞ்சு ஐந்தாம் நாள் காலை செத்துக் கிடந்தது. ஏன் என்று அண்ணிக்கும் தெரியவில்லை.

"வலுவா இருக்கேன்னு அதை நான் திரும்பிக்கூடப் பார்க்கல அண்ணி" என்றேன்.

"பார்த்திருந்தாலும் போயிருக்கும்மா" என்றார் அவர்.

அதை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை.