கல்யாணம் முடியட்டும் என்றார்கள்

தம்பியின் இந்த நினைவு மலருக்கு நான் எழுத வேண்டிய முதல் வரியை மாமாவே சொல்லித் தந்தார். மூளைக் காய்ச்சலால் தம்பி இறைவனடி சேர்ந்தான் என்று தொடங்கி, அரைப் பக்கத்தில் முடித்து, கீழே எல்லோருக்கும் நன்றி என்று போட்டுவிட வேண்டுமாம். மாமா எங்கள் அம்மாவின் அண்ணன். தம்பிக்குக் காது குத்தியது அவர் மடியில் வைத்துத்தான். அவர் தலையசைக்காமல் எங்கள் வீட்டில் எந்தக் காரியமும் நடந்ததில்லை. இந்தக் கட்டுரை மட்டும் அப்படி நடக்கிறது. தம்பிக்கு மூளைக் காய்ச்சல் வரவே இல்லை.

அச்சகத்துக்காரர் வேறு, "பேருக்குப் பின்னால 'அவர்கள்' போடணும்மா, அதான் முறை" என்றார். பத்து வயதுப் பையனுக்கா என்று கேட்டேன். "செத்தவங்களுக்கு வயசு ஏதும்மா?" என்றார். நியாயம்தான். ஆனாலும் நான் தம்பி என்றே எழுதுகிறேன். பெயர் அட்டையில் இருக்கிறது, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற படத்துக்குக் கீழே. இதை வாங்கிப் படிக்கப் போகிறவர்களில் ஒருவரின் மடியில் ஆறு வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவன் எங்கள் சித்தி மகன். தம்பிக்கு வந்தது அவனுக்கும் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், உடனே பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தம்பி பிறந்தது பாபநாசத்தில். அப்பாவுக்கு அங்கே உரக்கடை, குடமுருட்டிக் கரையில் கொஞ்சம் நஞ்சை. தம்பி பிறந்தபோது நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் தாய்வழியில் ஆண் குழந்தைகள் தாமதமாகத்தான் வருகிறார்கள், சித்தி வீட்டிலும் அப்படித்தான். ஒரு பையனுக்காக வருஷக்கணக்கில் கோயில் கோயிலாகச் சுற்றிக் காத்திருக்கத் தெரிந்தவர்கள் நாங்கள். வந்தவனைச் சொன்ன நேரத்துக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகத்தான் தெரியவில்லை.

நற்குணங்களை எழுதுவது வழக்கம். தம்பி பொய் சொல்வான். வடாம் காய்வதற்குள் பாதியைத் தின்றுவிட்டு, காக்கா என்பான். ஊறுகாய் ஜாடியில் கையை விட்டு உப்பை மட்டும் நக்குவான். கும்பகோணம் ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த பஸ் என்று வீட்டுக்குள்ளிருந்து சொல்வான், பெரும்பாலும் சரியாக இருக்கும். நான் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், நான் வரும் பஸ்ஸை அம்மாவுக்கு அறிவித்தது அவன்தான்.

ஏழு வயதில் தம்பி கருக்க ஆரம்பித்தான். வெயிலில் கிரிக்கெட் ஆடுகிறான் என்றார்கள். பயத்தமாவு தேய்த்துக் குளிப்பாட்டச் சொன்னார்கள். உள்ளங்கை ரேகையும் பல் ஈறும் வெயிலில் கருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. அடிக்கடி வாந்தி எடுத்தான், சூடு என்றார்கள். பிறகு கையெழுத்து கோணியது. கூப்பிட்டால் திரும்பவில்லை. திமிர் என்று அப்பா ஸ்கேலால் அடித்தார். அப்பா, இந்த இடத்தைப் படிக்கும்போது அழாதீர்கள். உங்களுக்குத் தெரியாது. தெரிந்து செய்தவர்களைப் பற்றி இனிமேல்தான் எழுதப் போகிறேன்.

ஆடிப் பதினெட்டன்று தெருப் பிள்ளைகள் எல்லோரும் சப்பரம் இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனார்கள். தம்பியும் தன் சின்னத் தேரை இழுத்துக்கொண்டு போனான். நேராகப் போய் எதிர்வீட்டுச் சுவரில் மோதி நின்றான். நெற்றியில் ரத்தம். "சுவர் தெரியலையாடா?" என்று அம்மா கேட்டதற்கு, "எந்தச் சுவரும்மா?" என்றான். அம்மா பயந்துபோய் மறுநாளே தஞ்சாவூருக்கு ஒரு குழந்தை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். அப்பாவும் மாமாவும் கூடப் போனார்கள். நான் அன்று இல்லை. அம்மா பிற்பாடு சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

அந்த டாக்டர் தம்பியின் உள்ளங்கையைப் பார்த்தார், உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், உப்பு கேட்டுத் தின்பானா என்று விசாரித்தார். பிறகு அம்மாவிடம், "உங்க கூடப் பிறந்த ஆம்பளைப் பிள்ளை யாராவது சின்ன வயசுல இந்த மாதிரி ஆகி இறந்துருக்காங்களா?" என்று கேட்டார்.

அம்மா வாயைத் திறப்பதற்குள், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். எங்க குடும்பத்துல அப்படி எதுவும் கிடையாது" என்றார் மாமா.

மாமாவுக்கு மூத்த ஓர் அண்ணன் இருந்தார். ஒன்பது வயதில் கண்ணும் காதும் போய்ப் படுக்கையில் இறந்தவர். குளத்தங்கரையில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டார் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அவர் படம் மாமா வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. ஆடி அமாவாசைதோறும் அதற்கு மாலை போடுகிறவர் மாமாதான்.

டாக்டர் அதை நம்பினாரோ இல்லையோ, விளக்கமாகச் சொன்னார். இது தாய்வழியாக வந்து ஆண் பிள்ளைகளைக் கடுமையாகப் பிடிக்கிற நோய். மூளை நரம்புகளின் மேலுறையைக் கரைத்துக்கொண்டே போகும். "இந்த வாரமே சென்னைக்கு நரம்பு ஸ்பெஷலிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஆரம்பத்துலன்னா எலும்பு மஜ்ஜை மாத்தி நிறுத்தப் பார்க்கலாம். பரவிடுச்சுன்னா எந்த டாக்டராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. பையனோட அக்காவுக்கும், உங்க தங்கச்சி வீட்டுலயும் ரத்தப் பரிசோதனை பண்ணிடணும்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் எல்லாம் கெட்டது. எனக்கு ஆனியில் நிச்சயம் ஆகியிருந்தது. தையில் கல்யாணம்.

திரும்பி வரும்போது காரில் மாமா சொன்னார்: "தாம்பூலம் மாத்தியாச்சு. இப்பப் போயி பொண்ணு ரத்தத்துல வியாதி இருக்கலாம்னா எவன் கட்டுவான்? கல்யாணம் முடியட்டும். தை வரைக்கும்தானே."

"டாக்டர் இந்த வாரம்னாரே மச்சான்" என்றார் அப்பா.

"டாக்டருங்கன்னா அப்படித்தான் சொல்வாங்க. பயமுறுத்தாட்டி நாம போவமா?"

அம்மா பின் சீட்டில் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு பேசாமல் வந்தார். தன் வயிற்றால் வந்தது என்று டாக்டர் சொன்னபிறகு அம்மாவுக்குப் பேசும் உரிமை போய்விட்டதாக எல்லோருமே எடுத்துக்கொண்டார்கள், அம்மா உட்பட.

டாக்டர் கொடுத்த மாத்திரையில் வாந்தி நின்றது. நோயே நின்றுவிட்டதாகக் கொண்டாடினார்கள். சென்னைக்குப் போனீர்களா என்று டாக்டர் விடாமல் போன் செய்தார். மாமா அம்மாவின் போனை வாங்கி அந்த எண்ணிலிருந்து அழைப்பு வராதபடி செய்து கொடுத்தார். என்னிடம், தம்பிக்கு வைட்டமின் குறைவு என்று சொன்னார்கள். நவராத்திரிக்கு நான் ஊருக்கு வந்தபோது தம்பி பஸ் ஹாரன் எதையும் சொல்லவில்லை. ஏண்டா என்றதற்கு, "பஸ்ஸெல்லாம் நின்னு போச்சுக்கா" என்றான். அப்போதும் எல்லோரும் சிரித்தார்கள்.

என் கல்யாணத்துக்கு வந்திருந்தவர்களுக்கு அடுத்ததை நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் பார்த்தீர்கள். மணப்பெண்ணின் கையில் அவள் உடன்பிறந்தான் பொரி அள்ளிப் போட வேண்டும், அவள் அதை அக்கினியில் இட வேண்டும். தம்பிக்குப் பட்டு வேட்டி கட்டி அழைத்து வந்தார்கள். மாமா அவன் பின்னால் நின்று முழங்கையைப் பிடித்திருந்தார். பாசத்தில் பிடிக்கிறார் என்று நினைத்தேன். தம்பி பொரியை அள்ளினான், என் கை எங்கே இருக்கிறது என்று தேடினான், மேடையில் கொட்டினான். மறுபடி அள்ளினான், மறுபடி கீழே. "மச்சான் இன்னும் தூங்குறாரு!" என்று யாரோ சொல்ல, பந்தலே சிரித்தது. வீடியோக்காரர் அதை இரண்டு தடவை ஓடவிட்டு, பின்னால் ஒரு சினிமாச் சிரிப்பும் சேர்த்துக் கொடுத்தார். மூன்றாம் முறை மாமா அவன் கையைப் பிடித்து என் கைமேல் கொண்டுவந்து கவிழ்த்தார். அவர் கையை எடுத்த அடுத்த நொடி தம்பி அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் நின்றதே அந்தப் பிடியில்தான்.

மறுவீடு, விருந்து எல்லாம் முறைப்படி முடித்துவிட்டு, மாசியில் சென்னைக்குப் போனார்கள். அந்த நிபுணர் தலை ஸ்கேனைப் பார்த்துவிட்டு, எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். "இப்பத்தான் சார், ஒரு மாசமா" என்றார் மாமா. அம்மா அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவரை மீறிப் பேசினார். "ஆடியில சொன்னாங்க சார். உடனே வரச் சொன்னாங்க. நாங்கதான் வரலை."

டாக்டர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "இப்ப மஜ்ஜை மாத்தினா நோயை விட அதுவே சீக்கிரம் கொண்டுபோயிடும்மா. வீட்டுல வச்சு நல்லாப் பார்த்துக்குங்க" என்று மட்டும் சொன்னார். ஆடியிலேயே வந்திருந்தால் தம்பி பிழைத்திருப்பானா என்று பின்னால் நான் போய்க் கேட்டேன். என் மஜ்ஜை அவனுக்குப் பொருந்தியிருக்குமா என்றும் கேட்டேன். தெரியாது, பார்த்திருக்கலாம் என்றார். அந்தப் பார்த்திருக்கலாம்தான் எங்கள் வீட்டில் இப்போது குடியிருக்கிறது.

அதன்பிறகு தம்பி படுக்கை. கண், காது, பேச்சு, விழுங்குவது என்று ஒவ்வொன்றாகப் போனது. மூக்கில் குழாய் வைத்து அம்மா கஞ்சி ஊற்றினார். நீங்கள் பழம் வாங்கிக்கொண்டு வந்தீர்கள், விழுங்க முடியாத பிள்ளைக்கு ஆப்பிள். ஒரு பெரியம்மா அவன் தலைமாட்டில் நின்றுகொண்டு, "போய்ச் சேர்ந்துட்டா அதுக்கும் நல்லது, உனக்கும் நல்லது" என்று அம்மாவிடம் சொன்னார். அவனுக்குக் காது கேட்காது என்ற தைரியம். அன்றைக்குக் கேட்டதோ என்னவோ, எனக்கு இன்றுவரை தெரியாது. பெரியம்மாவுக்கும் தெரியாது.

என் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்பட்டார், நான் எதிர்பார்த்த கோபம் அல்ல. "முன்னாடியே சொல்லிருந்தா நானே லீவு போட்டுக் கூட்டிட்டுப் போயிருப்பேனே. உங்களுக்கெல்லாம் நாங்க யாருன்னு நினைப்பு?" என்றார். யாருக்குப் பயந்து தம்பியை ஒளித்து வைத்தார்களோ, அந்த மனிதர்தான் கடைசி வருஷம் அவனைத் தூக்கிக் குளிப்பாட்டினார். நான் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். எனக்கும் இருக்கிறது. எங்களுக்குப் பிள்ளை பிறப்பதானால் முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்ள வழி இருக்கிறதாம், அதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறோம். மாமா பயந்த அளவுக்கு உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

தம்பி போன அன்று, துக்கத்துக்கு வந்திருந்த சித்தி மகன் தாகம் என்று என்னிடம் தண்ணீர் கேட்டான். டம்ளரை வாங்க இரண்டு கையையும் நீட்டினான். உள்ளங்கை ரேகைகள் கறுப்பாக இருந்தன. அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். தம்பி கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே சித்தியைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கே டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சினேன். தலைக்குள் இன்னும் ஏறாமலிருந்தால் காப்பாற்ற வழி உண்டு என்று சொன்னேன்.

சித்தி சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மெதுவாப் பேசுடி. என் பொண்ணுக்கு நிச்சயம் ஆயிருக்கு, தெரியும்ல? கல்யாணம் முடியட்டும். தை வரைக்கும்தானே."

அதே சொற்கள். தம்பியை எடுத்துப் போவதற்குள் அதே சொற்கள்.

இனி நன்றி சொல்ல வேண்டும். விடாமல் போன் செய்த தஞ்சாவூர் டாக்டருக்கு நன்றி. நாங்கள் எடுக்கவில்லை, மன்னியுங்கள். படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு நன்றி. ஆப்பிள்களுக்கு நன்றி. முழங்கையைக் கடைசிவரை விடாமல் பிடித்து என் கல்யாணத்தை நடத்தி வைத்த மாமாவுக்கு என் நன்றி. அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் தம்பி படத்தையும் மாட்டிக்கொள்ளுங்கள் மாமா. அடுத்ததற்கு ஆணி அடிக்க வேண்டாம்.

கடைசி நன்றி சித்தி மகளுக்கு, தையில் கல்யாணம் ஆக வேண்டிய பெண்ணுக்கு. அச்சுக்குப் போகும் முன் இதை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். "இது வெளியில வந்தா உன் கல்யாணம் நின்னாலும் நிக்கும். வேணாம்னா சொல்லு, உங்க வீட்டுப் பேச்சை எடுத்துடறேன்" என்றேன். அவள் முழுக்கப் படித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் பேனாவை வாங்கி, தாளின் ஓரத்தில் மாப்பிள்ளை வீட்டு முகவரியை எழுதினாள். முதல் பிரதி அங்கே போகட்டும் என்றாள். கையெழுத்துப் பிரதியை நகலெடுத்து நேற்றே அனுப்பிவிட்டேன். ஆகவே சித்தி, மறைப்பதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. நாளைக்கே கிளம்பலாம்.

பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் சொன்னது இது:

"அந்தக் கல்யாணமோ வேற கல்யாணமோ, எனக்குப் பொரி போடத் தம்பி வேணும்க்கா. யாரும் முழங்கையைப் பிடிக்காம, தானா நின்னு போடணும்."