மூச்சுப்பை

கற்பிட்டிப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் தாதிமாரை ஸ்கேன் பழக்கப் போயிருந்தேன். நோயாளியின் கட்டிலடிக்கே தூக்கிப்போகக்கூடிய சின்ன மெஷின் அது. காலையில் ஒருவர் மாறி ஒருவர் படுத்து, மற்றவரின் இதயத்தைத் திரையில் தேடிப் பிடித்துச் சிரித்தார்கள். அரைநாள் பாடம், கையோடு சான்றிதழும் உண்டாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரிக்க முதல், கடலட்டை பிடிக்கக் கடலில் சுழியோடிய ஒருவரை மூச்சுப் பேச்சில்லாமல் முச்சக்கர வண்டியில் கொண்டுவந்தார்கள். கூடவே அவருடைய மனைவி. வெளியே நிற்கச் சொன்னோம்; யார் கேட்கிறார்கள், உள்ளே வந்து சுவரோடு ஒட்டி நின்றாள்.

டொக்டர் நெஞ்சை அழுத்தினார். ஒரு தாதி சுழியோடியின் முகத்தில் மூடியை வைத்து மூச்சுப்பையை அமத்திக்கொண்டிருந்தாள். இதயத்தைப் பார்ப்பதற்காக டொக்டர் கையை எடுத்ததும், காலையில் எல்லாரையும்விடக் கெதியாகப் பழகிய இளம் தாதி ஸ்கேனை வைத்தாள்.

"ஆடுது சிஸ்டர், ஆடுது!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள்.

சுவரோடு நின்றவள் "யா அல்லாஹ்!" என்று ஓடிவந்து திரையைப் பார்த்தாள். ஆடத்தான் செய்தது. ஆனால் மூச்சுப்பை இன்னும் அமுங்கிக்கொண்டிருந்தது. காற்று நெஞ்சுக்குள் போய்வரும்போது நின்றுபோன இதயமும் கூடவே அசையும். காலையில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன். சிரித்துக்கொண்டு படுத்திருப்பவளின் இதயத்தில் அதைக் காட்ட முடியாதே.

"பையை விடுங்க" என்றேன்.

விட்டாள். படம் நின்றது.

டொக்டர் திரும்பவும் அழுத்தினார். ஊசி போட்டார். சேர்ட் நனைய நனையப் பாடுபட்டார். ஒன்றும் சரிவரவில்லை. அந்த இளம் தாதி மூலையில் நின்று அழுதாள். ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு சொல்லை வாய்க்குள் வைத்திருக்கக் கூடாதா என்று கோபம்தான் வந்தது.

டொக்டர் அந்த மனைவியைக் கதிரையில் இருத்தி, புருஷன் உயிரோடில்லை, மௌத் என்று சொல்லி, படம் ஏன் ஆடியது என்பதையும் பொறுமையாக விளக்கினார். அவள் அவர் பக்கம் திரும்பவேயில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஆடிட்டு இருந்திச்சே மிஸ்ஸி. நான் என்ட கண்ணால கண்ட. நீங்க பைய விடச் சொன்ன, அதோட நிண்டுட்டு."

 

அவள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு எழும்பினாள்.

"வாப்பாக்கு என்ன நடந்தெண்டு புள்ளைகள் கேட்டா, நான் இதத்தான் சொல்லுவன்."