சிவப்புக் குதிகால்

அந்தக் காலண்டர் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. டீச்சர் வேலைக்கு நேரில் வரச் சொல்லி வேலூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து கடிதம் வந்திருந்தது. போகமாட்டேன் என்று நான் ஒரே பிடிவாதமாக இருந்தேன். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் என் இடது கால் குட்டையாகிப்போனது. முழங்காலில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பேன். அத்தனை பிள்ளைகள் பார்க்கப் பள்ளிக்கூட முற்றத்தைக் கடக்க எனக்குத் தைரியமில்லை. வீட்டிலோ காலைப் பற்றி யாரும் பேசமாட்டோம். அப்பா அந்தப் பக்கம் பார்க்கக்கூட மாட்டார்.

அப்பாவுக்கு ஆம்பூர்த் தோல் கம்பெனி ஒன்றில் தரம் பிரிக்கும் வேலை. பிரான்சு தேசத்துக் கையுறை வியாபாரி ஒருவர் கம்பெனிக்கு அனுப்பிய காலண்டரை, வருஷம் முடிந்ததும் கேட்டு வாங்கி வந்தார். மாதத்துக்கொரு படம். ஏறக்குறைய முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தவையாம்.

முதல் படத்தைப் பார்த்ததும் அம்மா, "இன்னா இது, இந்தப் பொம்பளைக்கு மீசை இருக்குது!" என்றாள். மார்பு வரை சுருள்முடி, கழுத்தில் லேஸ், உடம்பெல்லாம் ரிப்பன். பொம்பளை இல்லை, அரண்மனைப் பிரபு. அடியில் இருந்த இங்கிலீஷை நான் படித்துச் சொன்னேன்: குளிர்கால உடையில் குவாலிட்டி உள்ள மனிதர். அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் கம்பெனி இங்கிலீஷ்தான். "ஆளுங்களுக்குமா குவாலிட்டி போடறானுங்க?" என்று வாயைப் பிளந்தார்.

ஒருத்தி கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி மடியில் நாய்க்குட்டி. ஒருவர் சீட்டாடினார். பன்னிரண்டு மாதத்தில் ஒருவரும் ஒரு வேலையும் செய்யவில்லை! வெறும் கறுப்புக் கோடுகள்தான். ஆனால் பட்டு மின்னியது, ரோமம் மெத்தென்று இருந்தது. அப்பா ஒரு கையுறையைத் தடவிப் பார்த்து, "ஆட்டுத்தோலு. மடிப்பப் பாரு" என்றார். அரண்மனைக்குள் நுழைய முடியாதவர்கள் இந்தப் படங்களைக் கடையில் வாங்கி, பெரிய மனிதர்கள் எப்படி உடுத்துகிறார்கள் என்று பார்ப்பார்களாம். நாங்கள் மூவரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

அப்புறம்தான் கால்களைக் கவனித்தேன். அந்தப் பிரபு சிவப்புச் சாயம் பூசிய உயரமான குதிகாலில் நின்றார். புரட்டிப் பார்த்தால் ஆண்கள் எல்லோருமே அப்படித்தான். ஒரு குறையும் இல்லாத கால்களுக்கு எதற்கு இந்த உயரம்? பிரமித்துப்போய், என்னையறியாமல் கேட்டுவிட்டேன்: "எனக்கு ஒரு கால்ல மட்டும் இப்படி வெச்சா இன்னாப்பா?"

அப்பா அந்தப் படத்தைக் காலண்டரிலிருந்து கிழித்தெடுத்தார். மறுநாள் காலையில் அதைச் சுருட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, கடைத்தெருவில் செருப்புத் தைக்கிறவரிடம் போனார்.

"இந்த மாதிரி குதிகால் வேணும். ஒத்த செருப்புக்கு மட்டும்."

"ஒத்ததுக்கா? இன்னாத்துக்குண்ணா?"

அப்பா என் காலைக் காட்டினார். "எம் பொண்ணுக்கு எடது காலு ரெண்டு இஞ்சு கம்மி."

அவர் வாயால் அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அழுகை வந்தது. கூடவே பெரிய நிம்மதியும் வந்தது.

ஒரு வாரத்தில் செருப்பு தயாரானது. போட்டுக்கொண்டு, முழங்காலிலிருந்து கையை எடுத்துவிட்டு நின்றேன். புடவை கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது. அம்மா என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"இம்மாம் ஒசரமாடி நீ?"

கேட்டுவிட்டுக் குனிந்து, புடவையை இறக்கிக் கட்டிவிட்டாள். அந்த உயரத்தோடு மறுநாள் வேலூருக்கு பஸ் ஏறினேன்.